அரைகுறை நாடகத்துக்கும் ஒரு மேடை வேண்டும்: மலையக இசை நாடகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

இலங்கையின் மலையகத்தில், ஹற்றனிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் பாதையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டம். அங்குள்ள பிள்ளைக் காம்பராவை (தொழிலாளரின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தை) மாலை நேரத்தில் ஒத்திகைக் கூடமாக்கி, இளம் பெண் நெறியாளர் ஒருவர் உருவாக்கிவரும் இசை நாடகத்தைப் பற்றியது இந்த ஆய்வு. அவர் அதே தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பிறந்தவர். மட்டக்களப்பில் நாடகமும் அரங்கியலும் படித்துவிட்டு ஊர் திரும்பியவர். பாடசாலையில் அதே பாடத்தைக் கற்பிப்பவன் என்ற முறையில் பிரதியை வாசிக்கவும் ஒத்திகைகளில் உட்காரவும் எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. ஆகவே இதை வெளியே நின்று எழுதும் விமர்சனமாகக் கொள்ள வேண்டாம். குழுவினர் விரும்பியபடி அவர்களின் பெயரும் தோட்டத்தின் பெயரும் இங்கே இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையகத்தில் பாடத் தெரிந்தவர்களுக்கும் ஆடத் தெரிந்தவர்களுக்கும் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. முடியாத நாடகம் ஒன்றைச் சனத்தின் முன் வைத்துப் பார்த்து, திருத்தி, மறுபடியும் வைத்துப் பார்ப்பதற்கான இடத்துக்கும் காலத்துக்கும் காசுக்கும்தான் பஞ்சம். புதிய இசை நாடகம் அப்படித் திருத்தித் திருத்தித்தான் உருவாகும். இந்த நெறியாளர் அந்த வழியைத் தானாகவே அமைத்துக்கொண்டார். அதனாலேயே அவருடைய முயற்சியை விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது.

எடுத்த கதை

காமன் கூத்து மலையகத் தோட்டங்களில் இன்றும் உயிரோடு இருக்கும் ஆட்டம். மாசி மாத வளர்பிறையில் காமன் கம்பம் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டிய இரவில் விடிய விடிய ஆடி, மன்மதன் எரிப்போடு அது உச்சத்துக்கு வரும். சிவனின் தவத்தைக் கலைக்கத் தேவர்கள் மதனை அழைக்கிறார்கள். போக வேண்டாம் என்று ரதி தடுக்கிறாள். அவன் போகிறான், எரிகிறான். ரதியின் புலம்பலுக்கு இரங்கிச் சிவன் அவனை எழுப்பித் தருகிறார். ஆனால் அவன் இனி ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான்.

இந்தக் கடைசி வரத்தைத்தான் நெறியாளர் பிடித்துக்கொண்டார். ஒருத்தியின் கண்ணுக்கு மட்டும் தெரியும் கணவன் என்றால், ஊருக்கு அவன் இல்லாதவன். மலையகத்தில் அப்படி இல்லாமல் போனவர்கள் எத்தனை பேர்? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 975,000 பேர் என்று கணக்கிடப்பட்ட அந்த மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தம் இரண்டு நாடுகளுக்கும் பாதி பாதியாகப் பிரித்தது. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் இருந்த குடும்பங்கள் வேறு வேறு நாட்டவர் ஆயின. இந்தியா போகிறவர்கள் கோச்சி (ரயில்) ஏறித் தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தார்கள்.

நாடகத்தின் ரதியும் மதனும் எழுபதுகளின் தொடக்கத்தில் கொழுந்து பறிக்கிறவளும் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவனும். அவன் வீட்டார் இந்தியாவுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள், அவள் வீட்டார் இலங்கைக்கு. கலியாணம் பேசி முடித்தாகிவிட்டது. தேவர்களின் தூதன் இங்கே படிவக் கட்டோடு வரும் உத்தியோகத்தர் ஆகிறான். கூத்தில் கம்பம் எரியும் இடத்தில் நாடகத்தில் ஹற்றன் புகையிரத நிலையத்து மேடை. பழங்கதையைப் புதுக்கதை மேல் ஒட்டவைக்கும் முயற்சிகள் பல பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் தையல் வெளியே தெரியும். இங்கே இரண்டும் ஒரே கதையாக இருப்பதற்குக் காரணம், தோட்டத்துச் சனம் ரதிக்காக அழுகிறபோது ஏற்கெனவே தங்கள் வீட்டுப் பிரிவை நினைத்துத்தான் அழுகிறது. நெறியாளர் அதை மேடைக்குக் கொண்டுவந்தார், அவ்வளவுதான்.

முன்னே நடந்தவை

பாட்டால் கதை சொல்லும் நவீன நாடகம் மலைநாட்டுக்குப் புதிதல்ல. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எதிரிவீர சரச்சந்திர ‘நாடகம’ என்ற சிங்களக் கூத்து மரபிலிருந்து ‘மனமே’யை உருவாக்கியது 1956இல். அதே வளாகத்தில் அறுபதுகளில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாணவர்களைக் கொண்டு மட்டக்களப்புக் கூத்தை நகர மேடைக்குச் செப்பனிட்டார். கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை எல்லாம் அந்த வரிசையில் வந்தவை. அவை எனக்கு இன்றும் பெருமை தருபவை. ஆனாலும் அந்த வரிசையில் காமன் கூத்து இல்லை. பல்கலைக்கழகம் மலையில் இருந்தது, கூத்து கடற்கரையிலிருந்து வந்தது. மலையில் ஆடப்பட்ட கூத்து அதே மேடைக்கு வர முடியாமல் தோட்டத்துப் பொட்டலிலேயே நின்றுவிட்டது. பாட்டுகளைப் பொறுத்தவரை மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை போன்றோர் தோட்டம் தோட்டமாகச் சேகரித்துக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். நாடகத்தைப் பொறுத்தவரை அந்த வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

பாட்டுக்கு என்ன வேலை

எங்கள் பாடசாலை மேடைகளில் இசை நாடகம் என்றால் ஒரு வழக்கம் இருக்கிறது. பாத்திரங்கள் பேசுவார்கள்; சோகம் வந்ததும் பேச்சு நிற்கும், பாட்டு வரும்; பாட்டு முடிந்ததும் பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும். பாட்டை எடுத்துவிட்டாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. நெறியாளரின் முதல் பிரதியும் பாதி அப்படித்தான் இருந்தது.

திருப்பம் கூத்திலிருந்தே வந்தது. காமன் கூத்தில் ரதிக்கும் மதனுக்கும் இடையே தர்க்கப் பாட்டு உண்டு. அவள் கெட்ட கனவு கண்டதைச் சொல்லித் தடுப்பாள், அவன் பதில் சொல்வான். அவள் வேறொரு வழியில் மறிப்பாள், அவன் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பான். பாட்டு தொடங்கும்போது போவதா நிற்பதா என்ற கேள்வி திறந்திருக்கிறது. முடியும்போது அது தீர்ந்துவிடுகிறது. நியூயோர்க்கிலும் லண்டனிலும் இசை நாடகம் எழுதுகிறவர்கள் ஒரு பாட்டிடம் எதிர்பார்ப்பதும் இதையேதான். நெறியாளர் ஒரு கொப்பியை எடுத்து, ஒவ்வொரு பாட்டுக்கும் நேராக இரண்டு வரி எழுதினார்: தொடங்கும்போது பாடுகிறவருக்கு என்ன வேண்டும், முடியும்போது என்ன மாறியிருக்கிறது. இரண்டாவது வரிக்கு எழுத எதுவும் இல்லாத பாட்டுகளை நாடகத்திலிருந்து எடுத்துவிட்டார்.

அப்படிப் போனவற்றில் ஒன்று குழுவில் எல்லோருக்கும் பிடித்த பாட்டு. கொழுந்து மலையின் துயரத்தை, அட்டைக் கடியையும் நிறுவையில் வெட்டப்படும் கிலோவையும் அழகாகச் சொன்ன பாட்டு அது. இசையமைத்த இளைஞர் இரண்டு நாள் ஒத்திகைக்கே வரவில்லை. எனக்கும் மனம் கேட்கவில்லைதான். ஆனால் நெறியாளர் சொன்ன காரணத்துக்கு மறுப்பு இல்லை: அட்டைக் கடியைப் பற்றி அட்டை கடிபட்டவர்களுக்கு நாம் பாடிக் காட்டுவதில் பயன் என்ன? மேடையில் ரதிக்கு அந்தக் கணத்தில் வேண்டியது வேறு. மதன் எந்தப் படிவத்தில் கையெழுத்து வைத்தான் என்று அவள் அறிய வேண்டும். பிறகு அந்த மெட்டு மட்டும் திரும்பி வந்தது. புகையிரத மேடைக் காட்சியில் சொல் எதுவுமில்லாமல் ஹார்மோனியத்தில் ஒலிக்கிறது.

ஒரே மெட்டை இரண்டு இடத்தில் வைப்பதிலும் அவர் கெட்டிக்காரர். முதல் பகுதியில் ரதி தம்பியை உறங்கவைக்கிறாள்:

பனி இறங்கும் வேளையிலே படங்கு தந்து மூடிவைத்தேன்
கண்ணே உறங்கு, கங்கு அணையும் மட்டும்

இரண்டாம் பகுதியின் இறுதியில், மதன் போன பிறகு, அதே மெட்டில் அவள் பாடுவது:

பனி இறங்கும் வேளையிலே படங்கெடுத்துப் பார்த்துநின்றேன்
கண்ணே வருவாயோ, கங்கு அணையும் முன்னே

தாலாட்டும் ஒப்பாரியும் எங்கள் பெண்களின் வாயில் எவ்வளவு நெருக்கமானவை என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். இரண்டிலும் இழுப்பு ஒன்றுதான், விளியும் ஒன்றுதான். நெறியாளர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருப்பதைச் சரியான இடத்தில் வைத்தார். முதல் முறை அந்த இரண்டாம் பாட்டைப் பாடியவர் நாடகப் பயிற்சி எதுவும் இல்லாத கொழுந்து பறிக்கும் பெண். இசையமைப்பாளர் சினிமாப் பாட்டின் பழக்கத்தில் சுருதியைத் தாழ்த்தி வைத்திருந்தார். அந்தப் பெண்ணின் குரலோ மலையில் எட்டத்தில் நிற்பவரைக் கூப்பிட்டுப் பழகியது. தாழ்ந்த சுருதியில் குரல் உள்ளே மடங்கியது. இரண்டு கட்டை ஏற்றியதும் கூரைத் தகரம் அதிர்ந்தது. அதற்குப் பிறகு எல்லாப் பெண் பாட்டுகளின் சுருதியும் ஏற்றப்பட்டது.

தப்பு

இந்த முயற்சியில் மிகுந்த உழைப்பு வாங்கியது தப்புதான். மர வளையத்தில் தோலை இழுத்துக் கட்டிய வாத்தியம். ஒரு கையில் நீளமான மெல்லிய குச்சி, மறுகையில் குட்டையான தடித்த குச்சி. ஒரு காலத்தில் விடியற்காலையில் பிரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்க ஆட்களைக் கூட்டுவதற்கு) சனத்தை எழுப்பியதும் தப்பு, சாமி ஊர்வலத்தில் முன்னே போவதும் தப்பு, சாவு வீட்டில் அடிப்பதும் தப்பு. ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. அந்த வேறுபாடு தோட்டத்துப் பார்வையாளருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாடகத்தில் பிரட்டு அடி கேட்ட மாத்திரத்தில் விடிகிறது, ஒளியமைப்பு தேவைப்படவில்லை.

முதல் சிக்கல் ஈரம். மழைக்காலத்து மேற்குச் சரிவில் தோல் தளர்ந்து ஓசை மொத்தையாகிவிடும். தப்படிப்பவர் அதை நெருப்பில் வாட்டித்தான் இறுக்குவார். பொட்டலில் நெருப்புக்குக் குறைவில்லை. மண்டபத்துக்குள் எங்கே நெருப்பு மூட்டுவது? பின்புறக் கதவுக்கு வெளியே தகரக் கொட்டிலில் தேயிலை மிலாறு (வெட்டிய காய்ந்த குச்சிகள்) போட்டு நெருப்பு வைத்தார்கள். ஒரு தப்பு உள்ளே ஒலிக்கும்போது இன்னொன்று வெளியே காயும். காட்சிக்கு நடுவில் மாற்ற வேண்டும். மாற்றும் அந்த ஆளையே நெறியாளர் ஒரு பாத்திரமாக்கிவிட்டார்: கூத்தில் வரும் கோமாளி, ஒவ்வொரு முறையும் சூடான தப்போடு உள்ளே வந்து உத்தியோகத்தரின் படிவத்தைப் பிழையாக வாசித்துக் காட்டுகிறான். தேவையே வழிகாட்டிய இந்தத் தீர்வு நாடகத்தின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்றாயிற்று.

அடுத்தது கீபோர்டு. அதில் ஏற்றிவைத்த தாளம் நான்கு எண்ணிக்கையில் கடிகாரம்போல் ஓடியது. தப்பின் அடி மூன்று மூன்றாக நடந்தது. அதுவும் ஆடுபவரின் காலைப் பார்த்து முந்தியும் பிந்தியும் நடந்தது. பல நாள் இரண்டும் முட்டிக்கொண்டன. முதலில் தப்படிப்பவரைத்தான் எல்லோரும் திருத்தப் பார்த்தார்கள். நெறியாளர் ஒரு மாலை கீபோர்டின் மின்கம்பியைக் கழற்றிவிட்டு, கோவிலிலிருந்து ஒரு பழைய ஹார்மோனியத்தை இரவல் வாங்கி வந்தார். ஹார்மோனியத்தைக் கை இயக்குகிறது, அந்தக் கை தப்பைக் கேட்கிறது. அன்றிரவே தர்க்கப் பாட்டு உட்கார்ந்துவிட்டது. மண்டபத்தில் தப்பு குரலை விழுங்காமல் இருக்க, பாடும் வரிகளில் மெல்லிய குச்சி மட்டும், வரிகளுக்கு இடையில் இரண்டு குச்சியும் என்று பிரித்துக்கொண்டார்கள்.

இவற்றைவிடக் கடினமானது சாதி. தப்படிப்பதை ஒரு பகுதி மக்களின் தலையில் கட்டிய கடமையாக வைத்திருந்த வரலாறு தோட்டத்துக்கும் உண்டு. தப்படிக்கும் பெரியவரின் மகன், தான் அதைத் தொடமாட்டேன் என்று நேராகச் சொன்னார். படித்த இளைஞர், அவமானத்தைப் பார்த்து வளர்ந்தவர். கலை, மரபு என்று பேசி அவரை வற்புறுத்துவது எளிது. அது அநியாயமாகவும் இருந்திருக்கும். நெறியாளர் வற்புறுத்தவில்லை. பதிலாகப் பெரியவரிடம், “தாத்தா, குழுவில் இருக்கும் எல்லோருக்கும் கற்றுக்கொடுங்கள்” என்று கேட்டார். எல்லா வீட்டுப் பிள்ளைகளும், பெண்கள் முதலாக, தப்பு பழகினார்கள். பெரியவருக்கு இசை ஆசிரியர் என்ற முறையில் சம்பளம் கொடுக்கப்பட்டது. அறிவித்தல் தாளில் அவர் பெயரே முதலாவது. சாவுக்கு அடிப்பதைப் பிள்ளைக் காம்பராவுக்குள் கொண்டுவரலாமா என்று சிலர் முணுமுணுத்தபோது, சாமிக்கு முன்னால் போவதும் இதுதானே என்று பெரியவரே கேட்டார். முணுமுணுப்பு முழுதாக அடங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் தப்பைக் கையில் எடுத்த பெண்பிள்ளைகளில் யாரும் அதைத் திரும்பக் கீழே வைக்கவில்லை.

பிரட்டுக்களத்தில் வைத்துப் பார்த்தது

நெறியாளர் அடிக்கடி குறிப்பிடும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1974 ஜனவரியில் நடன அமைப்பாளர் மைக்கேல் பென்னட் நியூயோர்க்கில் நடனக் கலைஞர்களை ஓர் அறையில் கூட்டி, இரவு முழுவதும் தங்கள் வாழ்க்கையைப் பேசவிட்டு ஒலிப்பதிவு செய்தார். அந்தப் பதிவிலிருந்து, மாதக்கணக்கான பட்டறைகளில் எழுதி அழித்து எழுதி, 1975இல் ‘எ கோரஸ் லைன்’ என்ற இசை நாடகம் மேடைக்கு வந்தது. நியூயோர்க்கின் பெரிய வணிக அரங்குகளான பிராட்வேயில் 6,137 முறை ஆடியது. முடியாத நாடகத்தை வளர்ப்பதற்கென்றே ஓர் அரங்கம் இடம் கொடுத்ததால் நடந்தது அது. அந்தக் கதையின் மறுபக்கத்தையும் நெறியாளர் மறக்கவில்லை: தங்கள் வாழ்க்கையைச் சொன்ன கலைஞர்கள் அதன் உரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள், பங்கு கிடைத்தது பிறகுதான். தோட்டத்துப் பெரியவர்களிடம் கதையும் பாட்டும் வாங்கும்போது, யார் என்ன கொடுத்தார் என்பதைக் கொப்பியில் பெயரோடு எழுதி, வசூல் வந்தால் பங்கு என்று அவர்கள் முன்னிலையிலேயே குறித்துவைத்தார்.

எங்களுக்கு அப்படி ஓர் அரங்கம் இல்லை. ஆகவே மாலை நிறுவை முடிந்து சனம் வீடு திரும்பும் நேரத்தில், தோட்டத்தின் அனுமதியோடு, பிரட்டுக்களத்திலேயே பாதி நாடகம் நடந்தது. உடுப்பு இல்லை. பிரதி கையில். எழுதாத காட்சிகளை நெறியாளரே நின்று வாயால் சொன்னார். கொழுந்துக் கூடையோடு நின்றபடியே பார்த்தவர்கள் உண்டு.

அங்கே கிடைத்தது எந்த வகுப்பறையிலும் கிடைக்காது. நீளமான முதல் பாட்டின்போது பிள்ளைகள் எழுந்து போனார்கள். அது பாதியாகக் குறைந்தது. உத்தியோகத்தர் பெயர்களைப் பிழையாக எழுதும் காட்சியை நாங்கள் சின்னதாகத்தான் வைத்திருந்தோம். சிரிப்பு களம் முழுவதும் பரவி, பிறகு சட்டென்று அடங்கியது. தங்கள் வீட்டுக் கடதாசிகளில் இன்றும் இருக்கும் பிழைகளைப் பலர் எங்களிடம் வந்து சொன்னார்கள். அந்தக் காட்சி இப்போது முழுப் பாட்டு. இன்னொன்று: தர்க்கப் பாட்டு முடிந்ததும் ரதி அதே விடயத்தை வசனமாகவும் பேசுவாள். முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி நெறியாளரைப் பார்த்து, “ஏம்மா, அதைத்தான் பாடிவிட்டாளே, மறுபடி எதற்குச் சொல்கிறாள்?” என்று கேட்டார். நான் பிரதியைப் பல முறை வாசித்தும் காணாத பிழை அது. வசனம் அன்றே வெட்டப்பட்டது.

திருத்திய பிறகு மறுபடியும் களத்தில் வைத்தார்கள், பின்னர் பக்கத்து டிவிஷனில். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று போனது, ஏதோ ஒன்று வந்தது. நடிகர்களில் பலருக்கு இது சோர்வாக இருந்தது. பகல் முழுவதும் மலையில் நின்றுவிட்டு, தண்ணீர் எடுத்து, சமைத்து வைத்து வரும் பெண்களிடம், நேற்றுப் பாடம் செய்த பாட்டு இன்று இல்லை என்று சொல்வது சாதாரண விடயமா? அவர்கள் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், மாற்றம் எங்கிருந்து வந்தது என்பதை அவர்களும் களத்தில் நின்று பார்த்ததுதான்.

காசும் அனுமதியும்

உதவி கேட்டுப் போன இடங்களில் எல்லாம் முடிந்த நாடகத்தைத்தான் கேட்டார்கள்: மேடையேறும் திகதி, மண்டபம், பிரதம விருந்தினர். ஒத்திகைக்கும் திருத்தத்துக்கும் காசு என்ற நிரலே விண்ணப்பத்தில் கிடையாது. டிக்கெட் போட்டு மேடையேற்ற வேண்டுமானால், 1912ஆம் ஆண்டிலிருந்து இருந்துவரும் சட்டத்தின்படி பிரதியை முன்கூட்டியே கொடுத்து அனுமதி பெற வேண்டும்; வாரத்துக்கு வாரம் மாறும் பிரதிக்கு அது பெரிய தடை. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வருவதற்கே ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்த மக்களிடம், இலவசமாக வந்து நடியுங்கள் என்று எத்தனை நாள் கேட்பது? நெறியாளர் மாலை வகுப்பு நடத்திச் சேர்த்த காசில், ஞாயிறு ஒத்திகைக்குச் சோறும் வருகிறவர்களுக்கு பஸ் காசும் கொடுத்தார். கலை உதவி தரும் நிறுவனங்களிடம் நான் கேட்பது சிறிய ஒன்று. ஒரு நாடகத்தின் மேடையேற்றச் செலவில் கால் பங்கையாவது, மேடையேற்றம் என்ற நிபந்தனை இல்லாமல், ஒத்திகைக்குக் கொடுங்கள்.

இப்போதைய நிலை

ஹற்றனில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நாடகம் முழுதாக ஒருமுறை ஆடப்பட்டுவிட்டது. மண்டபம் நிறைந்தது. இருந்தும் நெறியாளர் அதை முடிந்த நாடகமாக எண்ணவில்லை. அதில் நானும் அவரோடு ஒத்துப்போகிறேன். இறுதிக் காட்சியில் மதன் ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிய வேண்டும். மண்டபத்தில் அவன் மேடையில் நின்றான், எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். கதையின் வலி அதோடு கரைந்துவிட்டது. மதனை மேடையில் நிறுத்தாமல், அவனுடைய தர்க்கப் பாட்டு வரிகளுக்குத் தப்பு மட்டும் பதில் சொல்லவும், அந்தப் பதிலை ரதி மட்டும் புரிந்துகொள்வதாகவும் இப்போது எழுதிப் பார்க்கிறார்கள். பார்வையாளர் முன்பகுதியில் கேட்ட வரிகளைத் தப்பின் அடியிலிருந்து அடையாளம் காண முடிகிறதா என்பதுதான் சோதிக்க வேண்டியது.

இதற்கிடையில் தப்பு பழகியவர்களில் இருவர் வேலைக்காகக் கொழும்புக்குப் போய்விட்டார்கள். மாசியில் காமன் கூத்து தொடங்கிவிட்டால் பெரியவரும் கூத்து மாஸ்டரும் பொட்டலுக்குப் போய்விடுவார்கள். அந்த நாட்களில் ஒத்திகை கிடையாது என்பதில் நெறியாளர் உறுதியாக இருக்கிறார். புதிய இறுதிக் காட்சி சித்திரை விடுமுறையில் மறுபடியும் பிரட்டுக்களத்துக்கு வருகிறது. கொழும்பில் இருப்பவர்களுக்கு அப்போதுதான் லீவு.